பிரிக்பீல்ட்ஸ் பின்சந்துக் குருவி

சுங்கை சிப்புட் நிலையத்தில் வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்கு ரயில் ஏறியவர்கள்: நான், லெட்சுமி. என் வீட்டுக்காரர் முனியாண்டி. கோலாலம்பூரில் எங்களுக்காகக் காத்திருந்தவர்: என் தங்கை மல்லிகாவின் வீட்டுக்காரர் தேவன். மறுநாள் எங்களோடு சேர்ந்துகொண்டவர்: பரமேஸ்வரி ஆன்டி. திங்கட்கிழமை லோரியோடு வந்தவர்: புதுக்கோட்டைக்காரர் சாதிக். மல்லிகா இல்லை. போன பங்குனியில் இறந்துவிட்டாள். ஒரு குருவியும் இருந்தது.

எங்கள் கோயில் ஆண்டு மலருக்கு, போய்வந்த ஊரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் காசி, பாலி என்று எழுதுவார்கள். நான் போனது பிரிக்பீல்ட்ஸ். அங்கிருந்து கிள்ளான்.

ரயில் டிக்கெட் ஆளுக்கு நாற்பத்தோரு ரிங்கிட். இருநூற்று முப்பது கிலோமீட்டர் இருக்கும். ரயிலில் குளிர் அதிகம். சால்வை கொண்டு போவது நல்லது. ஈப்போவில் ஏறிய மலாய்க்காரர் ஒருவர் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். தஞ்சோங் மாலிம் வரைக்கும் இருவரும் டுரியான் பழத்தைப் பற்றிப் பேசினார்கள். அவர் இறங்கிய பிறகு என் வீட்டுக்காரர் என்னிடம் பேசினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன காரணம் இது. தேவனுக்குக் கண் தெரியாது. ஏழு வயதில் காய்ச்சலில் போனது. பிரிக்பீல்ட்ஸில் மசாஜ் கடை வைத்திருக்கிறார். அங்கே பார்வையில்லாதவர்கள் நடத்தும் மசாஜ் கடைகள் பல உண்டு. அவர் கடை இருக்கும் கட்டடத்தை முதலாளி விற்றுவிட்டார். மாத முடிவில் காலி செய்ய வேண்டும். கிள்ளானில் தேவனின் அண்ணன் மகன் வீட்டில் ஒரு அறை தருகிறார்கள். மல்லிகாவின் சாமான்களை எடுத்துக் கட்ட ஒரு பெண் ஆள் வேண்டும். என்னைக் கூப்பிட்டார்.

பதினொன்று பத்துக்கு கேஎல் சென்ட்ரல் நிலையம். தேவன் நகரும் படிக்கட்டின் கீழே வெள்ளைக் கோலோடு நின்றார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அவரே பேசினார்.

"சகலை, வயிறு கூடிப்போச்சு போல. நடையே கனமா கேக்குது."

"அது பேக்கு சகலை, பேக்கு. உங்க அக்கா முறுக்கு சுட்டு வச்சிருக்கா."

"முறுக்கு கையிலயா, உள்ளயா?"

என் வீட்டுக்காரர் சிரித்தார். வழியில் பாதி முறுக்கைத் தின்றது அவர்தான்.

நிலையத்திலிருந்து கடைக்கு நடந்து பத்து நிமிடம். நடைபாதை நடுவில் மேடு மேடாக மஞ்சள் ஓடு பதித்திருக்கிறார்கள். பார்வையில்லாதவர்கள் கோலால் தட்டி அதன் மேல் நடக்கலாம். அதன் மேலேயே மோட்டார் சைக்கிளும் நிறுத்துகிறார்கள். ஒரு மோட்டாரின் மேல் தேவனின் கோல் பட்டது. அவர் நின்று, அதன் இருக்கையைத் தட்டிக்கொடுத்து, "வணக்கம் பாஸ், கொஞ்சம் தள்ளிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு நடந்தார். தீபாவளி முடிந்து பத்து நாள் ஆகியும் தெருவில் தோரண விளக்குகளைக் கழற்றவில்லை. மல்லிச்சரம் ஒரு முழம் நான்கு ரிங்கிட். எங்கள் ஊரில் இரண்டு.

கடை கீழே, வீடு மேலே. கீழே திரைபோட்டு மூன்று கட்டில். ஒரு மணி நேரத்துக்கு அறுபது ரிங்கிட். பின்பக்கம் துண்டு துவைக்கும் இடம், அதைத் தாண்டிப் பின்கதவு, பிறகு சந்து. மேலே ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. சமையலறையில் பெரிய அலமாரி ஒன்று சுவர் முழுக்க அடைத்து நின்றது. அன்று மாலை வரை பாத்திரங்களைக் கட்டினேன். மல்லிகா எல்லாவற்றையும் இருட்டிலும் எடுக்கிற மாதிரி அடுக்கியிருந்தாள். அவளுக்கும் பார்வை குறைவு. உருவம் கலங்கலாகத் தெரியும், நிறம் மட்டும் நன்றாகத் தெரியும். சேலைக்கடையில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

இரவு எட்டு மணி. கடையிலிருந்து ரொட்டி சானாய் வாங்கிவந்து சாப்பிட்டோம். தேவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, இன்னொரு வேலை இருக்கு. கட்டுறது தூக்குறது இல்ல. கண்ணு வேலை."

"சொல்லுங்க தம்பி."

"பின்னால தூங்குமூஞ்சி மரம் ஒண்ணு இருக்குல்ல. அதுல வருசா வருசம் இந்த மாசத்துல ஒரு குருவி வரும். சீப்பை நகத்தால சுண்டுனா ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி கத்தும். பூச்சி புடிக்கிற குருவி. பறந்து போயி, டக்குன்னு வாய மூடும், திரும்பிவந்து உக்காரும். கொஞ்ச நாள் இருக்கும், போயிரும்."

"சரி."

"காலைல நான் கீழ துண்டு எடுத்து வைப்பேன். மல்லிகா மேல துணி காயப்போடுவா. கத்துவா. 'வந்திருச்சுங்க, மஞ்சள் வந்திருச்சு'ன்னு. பன்னெண்டு வருசம். மஞ்சள் எனக்குத் தெரியும்க்கா. ஏழு வயசு வரைக்கும் பாத்திருக்கேன். அவ சொன்னதும் எனக்கு அப்படியே வந்து நிக்கும்."

என் வீட்டுக்காரர் வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவ போன பிறகு, இந்த மாசம் பொறந்ததுமே சத்தம் கேட்டுச்சு. மசாஜுக்கு வந்த ஒரு பையன், கம்ப்யூட்டர் வேலை. பின்னால கூட்டிப் போயி, அந்த மஞ்சள் குருவிய ஒரு போட்டோ புடிச்சுக் குடு தம்பின்னேன். புடிச்சான். 'அங்கிள், மஞ்சள்லாம் இல்ல அங்கிள், பிரவுன்லா'ன்னான். அதுக்கப்புறம் வர்றவங்ககிட்ட எல்லாம் கேட்டுட்டேன். நாலு பேரு மஞ்சள்னாங்க. அவனையும் சேத்து மூணு பேரு பிரவுன்னாங்க."

"அப்ப மஞ்சள் ஜெயிச்சிருச்சு சகலை," என்றார் என் வீட்டுக்காரர்.

"இல்ல சகலை. மஞ்சள்னு சொன்ன நாலு பேரும் நல்லவங்க."

என் வீட்டுக்காரர் வெற்றிலையை வாயில் போட்டார்.

"மல்லிகாவும் நல்லவதானே," என்றார் தேவன்.

அவருக்கு வேண்டியது புரிந்தது. அவள் கண்டதைச் சொன்னாளா, அவர் மனசுக்காகச் சொன்னாளா என்று தெரிய வேண்டும். திங்கட்கிழமை அந்த வீட்டை விட்டுப் போகிறார். கட்டடத்தை வாங்கியவர் மரத்தை வைத்திருப்பாரா என்று யாருக்கும் தெரியாது.

சனி, காலை ஏழு பத்து. பின்கதவைத் திறந்தோம். சந்து அகலம் ஒரு கார் போகும் அளவு. வடிகாலை ஒட்டி மரம். தூங்குமூஞ்சி மரம் ராத்திரியில் இலையை மூடிக்கொள்ளும். அப்போதுதான் விரிய ஆரம்பித்திருந்தது. தேவன் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் அவர் பக்கத்தில் நின்றோம்.

சத்தம் வந்தது. அவர் சொன்ன மாதிரியே சீப்புச் சத்தம்.

"சகலை, பாருங்க. என்ன கலர்?"

என் வீட்டுக்காரர் கழுத்தை நிமிர்த்தினார். "மஞ்சள்தான் சகலை. நல்ல மஞ்சள். பழுத்த மாம்பழம் மாதிரி."

"எங்க உக்காந்திருக்கு?"

"அதோ, நேரா, அந்தத் தாழ்ந்த கிளையில."

"அது எந்திரிச்சுப் பின்பக்கம் போயி ரொம்ப நேரமாச்சு. நீங்க பாக்குறது காஞ்ச இலை."

என் வீட்டுக்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"அஞ்சாவது நல்லவரு," என்றார் தேவன். கோபமில்லை. "அக்கா, நீங்க சொல்லுங்க."

பின்பக்கக் கிளைக்கு நேராகப் போய் நின்றேன். குருவி தெரிந்தது. கட்டைவிரல் நீளத்துக்கு இரண்டு மடங்கு. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பறந்தது, திரும்பியது. நன்றாகப் பார்த்தேன்.

"பழுப்பு. சாம்பல் கலந்த பழுப்பு. வயிறு அழுக்கு வெள்ளை."

"மஞ்சள்?"

"இல்லை தம்பி."

"சரிக்கா." எழுந்து உள்ளே போய்த் துண்டு மடிக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துண்டுகள்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சிருமா? அந்த மனுசன் என்ன சொத்தா கேட்டாரு?"

"பார்க்காததை எப்படிச் சொல்றது."

"நீ கல்யாண வீட்டுலயே பொண்ணோட அம்மாகிட்டப் போயி சாம்பார்ல உப்பு கம்மின்னு சொன்னவதான."

கம்மியாகத்தான் இருந்தது.

காலை ஒன்பது மணிக்குப் பரமேஸ்வரி ஆன்டி வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்தது இங்கே. அரசாங்க ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்திரண்டு. முழங்கால் வலிக்கு வாரம் ஒருமுறை தேவனிடம் வருவார். முப்பது வருடமாகப் பறவை பார்க்கிறவர் என்று தேவனுக்கே அன்றுதான் தெரியும். நான் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கட்டிலில் படுத்துக் காலுக்கு எண்ணெய் போடவிட்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"பன்னிரண்டு வருசமா உங்கட பின்வாசல்ல ஒரு வலசைக் குருவி வருது. நான் வாரா வாரம் வாறன். ஒரு சொல்லுச் சொல்லேல்லையே தேவன்?"

"நீங்க முட்டிய பத்தித்தானே ஆன்டி பேசுவீங்க."

வீட்டுக்குப் போய் தூரநோக்கியோடும் தடித்த புத்தகத்தோடும் திரும்பி வந்தார். சந்தில் நாற்காலி இரண்டானது. ஆன்டிக்கு மெல்லிய சத்தம் இப்போது காதில் விழுவதில்லை. தேவன் கையை நீட்டி இடத்தைக் காட்டுவார், ஆன்டி அங்கே தூரநோக்கியைத் திருப்புவார். குருவி இடம் மாறும். மறுபடியும் கை, மறுபடியும் தூரநோக்கி. அரை மணி நேரம் இப்படிப் போனது.

"ஈப்பிடிப்பான் தான். அதில சந்தேகமில்லை," என்றார் ஆன்டி. "ஆனால் இந்த மாசத்தில வடக்கே இருந்து வாற ஈப்பிடிப்பான் நாலைஞ்சு சாதி. கீழ நிண்டு பாத்தால் எல்லாம் ஒரே கூழ். சேவல் எண்டால் லேசு, தூரத்திலேயே நிறம் காட்டிக்குடுக்கும். பொட்டையள் எல்லாம் பழுப்பு."

"அப்ப இது சாதா பழுப்பா ஆன்டி?" என்றார் தேவன்.

"நூறு குருவி வந்தால் தொண்ணூறு அந்தப் பழுப்பு ஈப்பிடிப்பான் தான். இதுவும் அதுவாத்தான் இருக்கும். ஆனால் முதுகு பாக்காமல் நான் பேர் சொல்லமாட்டன். ஆஸ்பத்திரியில ரத்தத்தைப் பாக்காமல் என்ன வருத்தம் எண்டு சொல்லுறதோ?"

முதுகைப் பார்க்கச் சந்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தோம். நாங்கள் பின்னால் போனால் அது திரும்பி உட்காரும். முன்னால் வந்தால் மறுபடி திரும்பும். எந்தப் பக்கம் போனாலும் வயிற்றைத்தான் காட்டியது. என் வீட்டுக்காரர் வடிகாலில் ஒரு காலை விட்டார். பதினோரு மணிக்கு வெயில் ஏறியது. குருவி உள்ளே போய்விட்டது.

ஞாயிறு. புது அறையைப் பார்க்கக் கிள்ளான் போனோம். கொமுட்டர் ரயில், ஒரு மணி நேரத்துக்கு மேல். தேவனிடம் உடற்குறையுள்ளோர் அட்டை இருப்பதால் அவருக்குப் பாதி விலை. கிள்ளான் நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடக்கலாம். பிரிக்பீல்ட்ஸை விடப் பெரியது, சத்தமும் பெரியது. வாழையிலைச் சாப்பாடு பத்து ரிங்கிட், கேட்ட அளவு சோறு. ஒரு துணிக்கடைக்காரர் வாசலில் நின்று, "வாங்க ஆன்டி, பாக்குறது ஃப்ரீலா, வாங்குறதுதான் காசு," என்று கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் ஃப்ரீயாகப் பார்த்துவிட்டு வந்தார்.

அறை நல்ல அறை. கீழ்த்தளம். குளியலறை பக்கத்திலேயே. அண்ணன் மகனும் அவன் மனைவியும் மரியாதையாகப் பேசினார்கள். ஜன்னலுக்கு எதிரே பழைய கடைவீடு ஒன்று. மாடி ஜன்னல்களை எல்லாம் செங்கல் வைத்து அடைத்துச் சின்னச் சின்ன ஓட்டை விட்டிருந்தார்கள். உள்ளே உழவாரக் குருவி கூடு கட்டும். அந்தக் கூட்டைச் சூப்பு வைக்க விற்பார்கள். குருவிகளை வரவழைக்க ஸ்பீக்கரில் குருவிச் சத்தம் விடாமல் ஓடுகிறது.

தேவன் ஜன்னலோரம் நின்று கேட்டார்.

"இது ரிக்கார்டு. ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வருது," என்றார்.

"ராத்திரி சத்தத்தைக் குறைச்சிருவாங்க சித்தப்பா," என்றான் அண்ணன் மகன்.

"பரவால்லப்பா. சத்தம்தானே. பழகிக்கலாம்."

தெருவில் மரம் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. நான் பார்த்தேன். இல்லை.

திரும்பும் ரயிலில் பெட்டாலிங் வரைக்கும் கோலை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டிக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, மெதுவாகச் சொன்னார்.

"பிரவுனா இருந்தாலும் பரவால்லக்கா. தெரிஞ்சாப் போதும். அவ எனக்காகச் சொல்லியிருந்தா, அதுவும் ஒண்ணும் தப்பில்ல. ஆனா அப்ப வேற என்னென்ன எனக்காகச் சொன்னான்னு யோசிக்க ஆரம்பிச்சிருவேன். அதை நிறுத்த முடியாது."

திங்கள், காலை ஏழரை. லோரி பத்து மணிக்கு என்று பேச்சு. சாதிக் அப்போதே வந்துவிட்டார். வேலை பெர்மிட்டில் வந்து நாலு வருடம் ஆன ஆள். லோரி வாடகை முந்நூற்று ஐம்பது ரிங்கிட், தூக்குக் கூலியும் சேர்த்து.

"வெயிலுக்கு முன்னால பெரிய சாமானை எறக்கிருவோம்ண்ணே. கடைசில எறக்குனா நான் சாமானா போயிருவேன்."

பரமேஸ்வரி ஆன்டியும் வந்திருந்தார். வழியனுப்ப என்றார். கழுத்தில் தூரநோக்கி தொங்கியது. தேவன் சந்தில் நாற்காலியில் இருந்தார். ஆன்டி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மேலே சமையலறை அலமாரியைச் சாதிக்கும் என் வீட்டுக்காரரும் நகர்த்தினார்கள். அலமாரிக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. மூடிக் கிடந்தது. மல்லிகா போன பிறகு மழை உள்ளே அடிக்கிறது என்று அண்ணன் மகன் அலமாரியை அங்கே தள்ளி வைத்திருக்கிறான். திறந்தேன். சந்துக்கு மேலே திறந்தது. வெளியே துணி காயப்போடும் மூங்கில் கம்பு இரண்டு இன்னும் நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இழுக்கக் கையை வெளியே விட்டேன்.

மரத்தின் கிளைகள் எனக்குக் கீழே இருந்தன. தேவன் தலையும் ஆன்டி தலையும் இன்னும் கீழே. நடுவில் ஒரு கிளையில் குருவி. அதன் முதுகு எனக்கு நேராக இருந்தது. முதுகு பழுப்புதான். குருவி இறக்கையைத் தொங்கவிட்டு, கீழே பாய்ந்து, விரிந்தது. வாலுக்கு மேலே மஞ்சள்.

கம்பை விட்டுவிட்டேன். அது சந்தில் விழுந்தது. என் வீட்டுக்காரர், "என்னடி, ஆளைக் கொல்லப் பாத்தியா?" என்று அலமாரியைத் தூக்கியபடியே கத்தினார். வாயில் விரல் வைத்துக் காட்டினேன். குருவி பயந்து எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, அதே கிளைக்கு வந்தது. மறுபடி மஞ்சள்.

கண் தெரியாதவருக்கு உதவி செய்ய வருகிற எல்லோரும் அவர் பக்கத்தில் வந்துதான் நிற்போம். ஒன்பது பேர் நின்றோம், ஆன்டியையும் சேர்த்துப் பத்து. மல்லிகா அவர் பக்கத்தில் நிற்கவில்லை. அவள் இங்கே நின்றாள்.

"ஆன்டி," என்று மெதுவாகக் கூப்பிட்டேன். "முதுகு தெரியுது."

ஆன்டி எழுந்தே நின்றுவிட்டார். "மேல நிக்கிறீங்களோ! ஐயோ, என்ர முழங்கால். சரி, நீங்களே பாருங்கோ. நான் கேக்கிறதுக்கு மட்டும் சொல்லுங்கோ. கூட்டியும் சொல்லாதேங்கோ, குறைச்சும் சொல்லாதேங்கோ. இறக்கையில வெள்ளை இருக்கோ?"

"ஒரு சின்னக் கோடு."

"கண்ணுக்கு மேல?"

"ஒன்றும் இல்லை."

"கண்ணைச் சுத்தி வெள்ளை வட்டம், பளிச்செண்டு?"

"பளிச்சென்று இல்லை."

"வால் தொடங்குற இடம்?"

"மஞ்சள். எலுமிச்சம்பழ மஞ்சள். பறந்தால் தெரியுது. உட்கார்ந்தால் இறக்கை மூடிக்குது."

ஆன்டி புத்தகத்தைத் திறந்து பக்கத்தைப் புரட்டினார். தெரிந்ததையே சரிபார்க்கிற மாதிரி இருந்தது.

"மஞ்சள் பிட்டத்து ஈப்பிடிப்பான். பொட்டை. வேற ஒண்டும் இல்லை. சீனா, கொரியாப் பக்கத்துக் காட்டில கூடு கட்டுறது. அங்க குளிர் வர, இஞ்சால வந்திடும். ரெண்டு அம்பது சென் காசின்ர பாரம்தான் இருக்கும், அவ்வளவு தூரம் பறக்குது."

"பிட்டம்னா என்ன ஆன்டி?" என்றார் தேவன்.

"குண்டி, தம்பி."

சாதிக் அலமாரியைப் பிடித்தபடியே சிரித்துவிட்டார். தேவனும் சிரித்தார். "பன்னெண்டு வருசத்துல அவ அதை மட்டும் சொல்லவே இல்ல."

சிரிப்பு நின்றது. அவர் முகத்தை மேலே திருப்பினார். நான் இருக்கும் பக்கம் சரியாகத் திருப்பினார்.

"அக்கா, சனிக்கிழமை பழுப்புன்னீங்க."

"ஆமாம். கீழே இருந்து பழுப்பு."

"ஒரே குருவிதானே. மேல ஒண்ணு கீழ ஒண்ணா இருக்குமா? எனக்கு அது தெரியாதுக்கா. தொட்டா ஒரு சாமான் எல்லாப் பக்கமும் அதே சாமான்தான்."

"நிறம் அப்படி இல்லை தம்பி."

யோசித்தார். ஆன்டி ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தார். தேவன் கையைத் தூக்கினார்.

"ஒண்ணு செய்யுங்க. நான் பேசமாட்டேன். ஆன்டி, நீங்களும் பேச வேணாம். அக்கா, மஞ்சள் கண்ணுல பட்டா மட்டும் 'இப்ப'ன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

"சரி."

சாதிக் என் வீட்டுக்காரரிடம் கிசுகிசுத்தார். "அண்ணே, அலமாரியக் கீழ வச்சிரலாமா? கை போவுது."

"மூச்சு விடாத," என்றார் என் வீட்டுக்காரர். மெதுவாக இறக்கி வைத்தார்கள்.

நான் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தேன். சந்தில் சத்தம் இல்லை. பக்கத்து உணவுக்கடையில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும். குருவி பறக்கும். அலகு மூடும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, தேவனுக்குக் கேட்கும். மஞ்சள் தெரிந்தால் "இப்ப" என்றேன். திரும்பி வந்து உட்காரும். தலையைத் திருப்பும். மறுபடி பறக்கும். "இப்ப." சில சமயம் இலைக்குள் போய்விடும். சும்மா இருந்தேன். தேவன் இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து உட்கார்ந்திருந்தார். விரல்கள் அசைந்தன. கால் மணி நேரம் இருக்கும். பிறகு குருவி மரத்தின் உச்சிக்குப் போய், அங்கிருந்து கூரைகளைத் தாண்டிப் போனது.

"போயிருச்சு," என்றேன்.

"ம்," என்றார். எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டார். "சாதிக் தம்பி, அலமாரிய ஏத்துங்க."

ஆன்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கிள்ளானுக்கு வாரா வாரம் வரேலாது. மாசம் ஒருக்கா வருவன். முழங்கால் அதுவரைக்கும் பொறுக்கும்." புத்தகத்திலிருந்து அந்தக் குருவிப் படத்தைக் காட்டப் போனவர், சட்டென்று மூடிக்கொண்டார். நான் கீழே இறங்கி வந்ததும் என்னிடம் காட்டினார். படத்தில் சேவல் பெரிதாக, வயிறு முழுக்க மஞ்சளாக இருந்தது. பொட்டை ஓரத்தில் சின்னதாக, பக்கவாட்டில் நின்றது. முதுகின் அடியில் ஒரு சொட்டு மஞ்சள்.

பத்தரைக்குக் கிளம்பினோம். முன்னால் மூன்று பேருக்குத்தான் இடம். சாதிக், தேவன், நான். என் வீட்டுக்காரர் ரயிலில் வருவதாகச் சொன்னார். "எனக்குத்தான் நல்லது, ஏசி," என்றார். பெடரல் நெடுஞ்சாலையில் கிள்ளான் முப்பது கிலோமீட்டர். பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டும்வரை வண்டி ஊர்ந்தது.

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டைச் சுற்றி மரம்தான். ரம்புத்தான், பலா, பின்னால் செம்பனைத் தோட்டம். காலையில் சத்தம் காதை அடைக்கும். எத்தனை குருவி எங்கிருந்து வந்து போகிறது என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீடு தரையோடு இருக்கிற வீடு. மேலே நின்று எதையும் பார்த்ததில்லை. என்னை யாரும் என்ன தெரிகிறது என்று கேட்டதும் இல்லை.

ஷா ஆலாம் பக்கம் வந்தபோது தேவன் பேசினார்.

"அக்கா, அது பதினாலு தடவை பறந்துச்சு. வாய மூடுற சத்தம் பதினாலு. நீங்க பதினாலுக்கும் 'இப்ப' சொல்லல."

"மூன்று தடவை இலை மறைத்துவிட்டது தம்பி. எனக்குத் தெரியவில்லை."

தலையை ஆட்டினார். கண்ணாடியை இறக்கி, கையை வெளியே வைத்தார். காற்றில் கை ஆடியது.

"மல்லிகா சில நாளு, நான் கேட்டா, 'இன்னைக்குத் தெரியலங்க, போங்க'ன்னுவா. எனக்குக் கோவம் வரும். தெரியலன்னா என்னடி, சத்தம் கேக்குதுல்ல, இருக்குல்லன்னு சண்டை புடிப்பேன். அவ சொல்ல மாட்டா." கையை உள்ளே எடுத்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் சொல்ல மாட்டா," என்றார்.

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். லோரிக்குள் தூசி வந்தது.

சாதிக்குக் கணக்குப் புரியவில்லை. சிவப்பு விளக்கில் நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அப்ப மஞ்சள் மொத்தம் எத்தனை ஆன்டி?"

நான் வாயைத் திறப்பதற்கு முன் தேவன் சொன்னார்.

பதினொன்று.